தன் முதுகு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கதைகள் நிறையப் படிப்பவர். படித்ததைப் பற்றி அடித்துப் பேசுகிறவர். காப்பி வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"கடைசியிலே அவன் கயிற்றை இழுக்கவே இல்லை, பார்த்தீர்களா ஸார்? அதுதான் கலை. அந்த ஒரு விநாடியிலே ஒரு மனுஷனோட வாழ்க்கை பூராவும் வந்துடறது."

அவர் பேசியது 1969இல் வெளிவந்த 'தி ஜிப்ஸி மாத்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி. நாடோடி விட்டில்கள் என்று தமிழில் சொல்லலாம். ஜேம்ஸ் டிராட் என்பவருடைய நாவலை வைத்து ஜான் ஃபிராங்கன்ஹைமர் எடுத்த படம். பர்ட் லங்காஸ்டர், டெபரா கெர், ஜீன் ஹாக்மன் எல்லோரும் நடித்திருக்கிறார்கள். நான் நண்பரோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அப்போது ஒழுங்காகச் சொல்லவும் வரவில்லை. அவர் சற்று மனத்தாங்கலோடுதான் எழுந்து போனார். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

கதை எளிமையானது. விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக்கொண்டு குதித்து, ஊர் ஊராக வேடிக்கை காட்டிப் பிழைக்கிற மூன்று பேர், ஜூலை 4 சுதந்திர தின விழாவுக்காகக் கான்ஸாஸ் மாகாணத்தில் ஒரு சின்ன ஊருக்கு வருகிறார்கள். மூவரில் இளையவனான மால்கமுக்கு அது சொந்த ஊர். அவனுடைய சித்தி வீட்டில் தங்குகிறார்கள். மூத்தவனான ரெட்டிக் அதிகம் பேசாதவன். அவனுக்கும் அந்தச் சித்திக்கும் ஒரே இரவில் ஒரு பிணைப்பு உண்டாகிவிடுகிறது. என்னோடு வந்துவிடு என்கிறான். அவள் மறுக்கிறாள். மறுநாள் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, வௌவால் இறக்கை போன்ற துணியைக் கட்டிக்கொண்டு குதிக்கிறான். பாராசூட்டை அவன் திறக்கவே இல்லை.

படம் மட்டமானதல்ல. முதல் தடவை பார்த்தபோது நானும் நண்பரைப் போலவே நெஞ்சு அடைத்துத்தான் வெளியே வந்தேன். ஆகாயக் காட்சிகள் அபாரமானவை. கார்ல் போனிஷ் என்ற குதிப்பாளர் தாமே கூடவே விழுந்துகொண்டு படம் பிடித்த பகுதிகள் அவற்றில் உண்டு. இரண்டாவது தடவை பார்த்தபோதுதான் முள் குத்தியது. கதையின் முடிவு அந்த மனிதனிடமிருந்து வரவில்லை, எழுத்தாளனுடைய தேவையிலிருந்து வந்திருக்கிறது என்று பட்டது. கதையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது, பாத்திரத்தைக் கொன்று அதற்கு ஒரு கம்பீரம் கொடுத்துவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம்.

நான் ஆகாயத்திலிருந்து குதித்தவனல்ல. மாடிப்படி இறங்கும்போதே கைப்பிடிச் சுவரைத் தேடுகிறவன். ஆனால் அந்த முள் குத்தியதிலிருந்து, இந்தக் குதிப்பவர்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்று கிடைத்ததையெல்லாம் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க, நாவலாசிரியர்களும் சினிமாக்காரர்களும் அவர்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற எண்ணம் வலுத்தது.

ரெட்டிக் கட்டிக்கொண்ட அந்த இறக்கையையே எடுத்துக்கொள்ளலாம். அது கற்பனையல்ல. கிளெம் ஸோன் என்ற அமெரிக்க இளைஞர் அப்படி இறக்கை கட்டிப் பறந்து உலகப் புகழ் பெற்றார். 1937 ஏப்ரல் 25ஆம் தேதி, பிரான்ஸ் தேசத்தில் வின்ஸென் என்ற இடத்தில், பெருங்கூட்டத்துக்கு முன்னால் விழுந்து இறந்தார். லேயோ வாலண்டின் என்ற பிரெஞ்சுக்காரர் மரத்தால் இறக்கை செய்து பறந்தவர். அவர் 1956 மே 21ஆம் தேதி, இங்கிலாந்தில் லிவர்பூல் விமானத் திடலில் இறந்தார். ஆனால் இருவரும் எப்படி இறந்தார்கள் என்று பாருங்கள். ஸோன் பாராசூட்டைத் திறந்தார், அது சிக்கிக்கொண்டது. உபரியாக வைத்திருந்ததையும் திறந்தார், அதுவும் விரியவில்லை. வாலண்டினுடைய கதையும் ஏறக்குறைய இதுதான். கடைசி விநாடி வரை இருவருடைய கைகளும் பிழைப்பதற்குத்தான் வேலை செய்தன. சரித்திரத்திலே பறவை மனிதர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டே செத்தார்கள். சினிமாவிலே இழுக்காமல் செத்தால்தான் அழகு என்று ஆகிவிட்டது.

இது ஒரே படத்தோடு நிற்கவில்லை. 1991இல் வந்த 'பாயிண்ட் பிரேக்' என்ற படத்தில் கதாநாயகன் பாராசூட் இல்லாமலே குதித்து, முன்னால் விழுந்துகொண்டிருக்கிற கொள்ளைக்காரனை ஆகாயத்தில் பிடிக்கிறான். இருவரும் விழுந்துகொண்டே வாக்குவாதம் செய்கிறார்கள். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் காற்று காதை அறைகிறபோது பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அது போகட்டும், சினிமாவுக்கு அந்தச் சலுகை உண்டு. நான் கவனித்தது வேறு. அங்கேயும் நாடகம் என்னவென்றால், யார் முதலில் கயிற்றை இழுப்பது என்ற வீம்புதான். இழுக்கிறவன் தோற்றவன், இழுக்காதவன் வீரன்.

உண்மையில் குதிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. அமெரிக்காவில் பாராசூட் குதிப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. இந்த உயரத்துக்குக் கீழே போவதற்குள் திறந்துவிட வேண்டும் என்று அது விதி வைத்திருக்கிறது: புதியவர்களுக்கு 3,000 அடி, பழகியவர்களுக்கு 2,500 அடி. விழுகிற வேகத்தில் 2,500 அடி என்பது பதினாலு விநாடி. ஒரு டம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம். அந்த எல்லையைத் தாண்டித் திறப்பவனை யாரும் வீரன் என்று கொண்டாடுவதில்லை. கீழே இறங்கியதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள். வழக்கமாக்கிக்கொண்டால், இனி இங்கே குதிக்காதே என்று சொல்லவும் தயங்கமாட்டார்கள்.

ரெட்டிக் அவர்களில் ஒருவனாக இருந்தால் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? துக்கப்படுவார்கள். ஆனால் நண்பர் சொன்னதுபோல், அந்த விநாடியில் வாழ்க்கை பூராவும் வந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மனிதனோடு அத்தனை நாள் ஒரே விமானத்தில் ஏறியும் அவன் மனசு நமக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம். குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். ஒன்று தினசரி உபயோகத்துக்கு, அதை அவரவரே மடித்துக் கட்டிக்கொள்ளலாம். மற்றொன்று ரிஸர்வ், முதலாவது ஏமாற்றினால் உயிரைக் காப்பதற்கு. அமெரிக்கச் சட்டப்படி இந்த ரிஸர்வை உரிமம் பெற்ற ஒருவர்தான் மடிக்க வேண்டும். அவருக்கு ரிக்கர் என்று பெயர். 180 நாட்களுக்கு ஒரு முறை, யாருமே அதைத் தொடாமல் இருந்தாலும், பிரித்து, ஒவ்வொரு தையலையும் கயிற்றையும் பார்த்து, மறுபடியும் மடிக்க வேண்டும். நம் வீட்டில் பாட்டி, கட்டாத பட்டுப் புடவையையும் வருஷத்துக்கு இரண்டு முறை பிரித்து, மடிப்பை மாற்றி வைப்பாளே, அதைப் போல. மடித்து முடித்ததும் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, அதில் ஈயத்தால் முத்திரை வைத்து, தன் அடையாளத்தைப் பதித்து, ஒரு சிறு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார்.

ஆகாயத்தில் அந்த முத்திரை உடையாமலே வருஷங்கள் போகலாம். ஒரு நாள் உடைந்து, ரிஸர்வ் விரிந்து, மனிதன் காலூன்றி இறங்கினால், தன்னுடைய ரிஸர்வை மடித்த ரிக்கரைத் தேடிப்போய் ஒரு நல்ல மது பாட்டிலைக் கொடுப்பது அவர்களிடம் சம்பிரதாயம். மேடை கிடையாது, மாலை கிடையாது. ஒரு பாட்டில், ஒரு கைகுலுக்கல். என்றோ ஒரு நாள் மத்தியானம் ஒரு கொட்டகைத் தரையில் முழங்காலிட்டு ஒருவர் ஒழுங்காகச் செய்த வேலை, நாலு மாதம் கழித்து ஆகாயத்தில் இன்னொருவருக்கு உயிராகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நான் பார்த்த படங்களில் ரிக்கர் ஒரு முக்கியப் பாத்திரமாக வந்ததில்லை.

அதைவிடவும் என்னைக் கவர்ந்தது வேறொரு சின்னப் பழக்கம். பாராசூட்டை மூடி வைத்திருக்கிற ஊசிகள் முதுகுப் பக்கம் இருக்கின்றன. கட்டிக்கொண்ட பிறகு தானே பார்த்துக்கொள்ள முடியாது. ஆகையால் விமானத்தில் ஏறும் முன்போ, குதிக்கும் முன்போ, பக்கத்தில் இருப்பவரிடம் முதுகைத் திருப்பி, கொஞ்சம் பாருங்கள் என்பார்கள். அவர் மூடியைத் தூக்கி, ஊசி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுப்பார். பார்ப்பவர் ஐயாயிரம் தடவை குதித்தவராக இருக்கலாம், முப்பது தடவை குதித்தவராகவும் இருக்கலாம். கேட்பதில் வெட்கம் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று நம் பெரியவர்கள் சொன்னதை அங்கே தினமும் அனுஷ்டானமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அவர்கள் எல்லோரும் ஜாக்கிரதையின் திருவுருவங்கள் என்று முடித்தால் நானும் பொய் சொன்னவனாவேன். படம் வந்த காலத்தில் கருவிகள் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. பாராசூட் குடைபோல் வட்டமாக இருந்தது, ரிஸர்வ் மார்பில் தொங்கியது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் வருஷத்துக்குச் சராசரியாக நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு பில் பூத் என்பவர் மூன்று வளையங்கள் கொண்ட ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், அதைப் பிடித்திருப்பது ஒரு சிறு கயிற்றுக் கண்ணி. ஒரு மனிதனுடைய முழுப் பாரத்தையும் தாங்குகிற அந்தப் பிணைப்பு, ஒரு கைப்பிடியை இழுத்தால் விட்டுப் போகிறது. சிக்கிக்கொண்ட பாராசூட்டைக் கழற்றிவிட்டு ரிஸர்வுக்குப் போவது எளிதாயிற்று. 1991இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் குளோத் 'ஸைப்ரஸ்' என்ற ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். தரைக்கு மேல் சுமார் 750 அடியிலும் மனிதன் வேகம் குறையாமல் விழுந்துகொண்டே இருந்தால், அது தானாகவே ரிஸர்வைத் திறந்துவிடுகிறது. மயங்கினவனுக்கும் உயரத்தை மறந்தவனுக்கும் அது மறு பிறவி. 2023இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகள் நடந்தன; இறந்தவர்கள் 10 பேர்.

இதோடு கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வளையத்தைக் கண்டுபிடித்த அதே பில் பூத், பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் ஒரு விதி சொன்னார். கருவி எவ்வளவுக்குப் பத்திரமாகிறதோ அவ்வளவுக்கு மனிதன் துணிச்சலைக் கூட்டிக்கொள்வான், சாவின் கணக்கு சரியாக வந்து நிற்கும் என்பது அதன் சாரம். கணக்கில் அவர் சொன்னது பலிக்கவில்லை, சாவு குறைந்துதான் இருக்கிறது. ஆனால் மனசைப் பற்றி அவர் சொன்னது பலித்துவிட்டது. இப்போது இறப்பவர்களில் பலர் பாராசூட் திறக்காமல் இறப்பதில்லை. நன்றாகத் திறந்து, பழுதில்லாமல் விரிந்த பாராசூட்டின் கீழே இறக்கிறார்கள். காரணம், சிறிய, வேகமான பாராசூட்டைத் தேடி வாங்குகிறார்கள். தரைக்குச் சற்று மேலே சட்டென்று திருப்பினால் அது அம்பு மாதிரி சீறிக்கொண்டு புல்லை உரசிப் போகும். பார்க்கப் பரம ஆனந்தமாக இருக்குமாம். திருப்பம் பத்தடி தாழ்ந்து போனால் முடிந்தது.

இங்கேதான் எனக்கும் ஜிப்ஸி மாத்ஸுக்கும் உள்ள வழக்கு முழுசாக விளங்கியது. அந்தப் படம் ஆகாய மனிதனின் எதிரி நிராசை என்று நினைக்கிறது. காதல் கைகூடாதவன், வாழ்க்கை அலுத்தவன், கடைசியில் விளக்கில் விழுகிற விட்டில். ஆனால் உண்மையான எதிரி நிராசை அல்ல, மிதப்பு. எனக்கு ஒன்றும் ஆகாது, எனக்குக் கை பழகிவிட்டது என்ற எண்ணம். நிராசையைப் பற்றி எழுதுவது சுலபம். மழை பெய்ய விடலாம், வயலின் வாசிக்கச் சொல்லலாம். மிதப்பைப் பற்றி எழுதுவது கஷ்டம், ஏனென்றால் அது பார்ப்பதற்குச் சந்தோஷம் மாதிரியே இருக்கும்.

யாராவது எழுத வேண்டிய நாவல் ஒன்று இங்கே கிடக்கிறது என்று தோன்றுகிறது. ஐந்நூறு தடவை குதித்தவன். எல்லோருக்கும் பிடித்தவன். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஒவ்வொரு வாரமும் அவனுடைய திருப்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வருகிறது. களத்தில் நிற்கிற பத்துப் பேரும் பார்க்கிறார்கள். அவனுடைய முதுகின் ஊசியைத் தினமும் சரிபார்க்கிறவர்கள்தான். ஆனால் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாததா, நான் யார் சொல்ல, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? நாம் எல்லோரும் ஏதாவது ஒரு வீட்டில், ஏதாவது ஒரு ஆபீஸில், இந்த மௌனத்தைச் சாதித்தவர்கள்தானே. அந்தப் பத்துப் பேரின் கதையை எழுத ஆகாயம்கூடத் தேவையில்லை.

அவர்களுடைய சங்கப் பத்திரிகையில் விபத்துக் குறிப்புகள் வெளியிடுகிறார்கள். பெயர் இராது. வயது, எத்தனை தடவை குதித்தவர், என்ன நடந்தது, எதைச் செய்திருந்தால் தப்பியிருக்கலாம் என்பவை மட்டும் இருக்கும். அடைமொழி கிடையாது, ஐயோ பாவம் கிடையாது. விதி என்ற வார்த்தையின் பின்னால் ஒளிந்துகொள்வதும் கிடையாது. இறந்தவரை அவமதிக்காமல், புகழ்ந்து ஏமாற்றவும் செய்யாமல், இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. நல்ல விமரிசனம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இவற்றைக் காட்டலாம் என்று எனக்கு ஆசை.

நண்பர் இதைப் படித்தால் ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும். "சரி ஸார், அந்தப் படத்தை ஆகாயத்தில் பிடித்தாரே போனிஷ், அவர் என்ன ஆனார்?" நியாயமான கேள்வி. விமானத்தை விட்டுவிட்டு மலை உச்சியிலிருந்து குதிக்கிற வழக்கத்தைப் பரப்பினவர் அவர். 1984இல் நார்வே தேசத்தில் டிரோல்வெகன் என்ற செங்குத்துப் பாறையிலிருந்து குதித்து இறந்தார். ஆம், அவரும் விழுந்துதான் இறந்தார். ஆனால் அவர் வாழ்க்கை அலுத்துப் போய்ப் பாறை ஏறியவரல்ல. வாழ்க்கை அவருக்கு ஆசை தீராததாக இருந்தது. ரெட்டிக்கின் அளவில் வெட்டின சட்டை அவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

இனி என் முதுகைப் பற்றி. பல வருஷங்களுக்கு முன்பு நான் ஒரு கதை எழுதினேன். புருஷனுடைய உதாசீனத்தைப் பொறுக்கமாட்டாமல் ஒரு பெண் கடைசி வரியில் கிணற்றில் விழுகிறாள். பத்திரிகை ஆசிரியர் பாராட்டினார். நண்பர்கள், இப்போது கட்டுரைக்குக் காரணமான இந்த நண்பர் உள்பட, கண் கலங்கியதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி வந்தது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை எழுதியிருந்தாள்: "எங்கள் தெருவில் உங்கள் கதையில் வருகிற மாதிரியே ஒரு பெண் உண்டு. அவள் கிணற்றில் விழவில்லை. மறுநாள் காலையில் எழுந்து அதே கிணற்றில் தண்ணீர் இறைத்து ஐந்து பேருக்குச் சமைத்தாள். அது உங்களுக்குக் கதையாகத் தெரியவில்லையா?"

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அப்போது கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. இத்தனை பேர் தட்டிக்கொடுத்த முதுகில், ஊசி கோணலாக இருக்கிறது என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

படத்துக்கும் ஒரு நியாயம் செய்துவிட்டு முடிக்கிறேன். ரெட்டிக் இறந்த மறுநாள், அவனுடைய ஈமச் செலவுக்காக இன்னொரு காட்சி நடத்துகிறார்கள். ஊரார் கூடுகிறார்கள். எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிகிறது. இளையவன் மால்கம் அதே இறக்கையைக் கட்டிக்கொண்டு குதிக்கிறான். அவனும் விழுந்துகொண்டே இருக்கிறான். கடைசி நேரத்தில், இழுத்துவிடுகிறான். பாராசூட் விரிகிறது. பிறகு அவன் அந்த ஊரை விட்டு ரயிலேறிப் போகிறான், அவ்வளவுதான். அவன் இழுத்த அந்த விநாடியைப் பற்றி யாரும் என்னிடம் வியந்து பேசினதில்லை. எனக்கோ, படத்தில் உண்மையாக நடந்தது அது ஒன்றுதான் என்று படுகிறது. நண்பர் அதை மறந்தே போய்விட்டார். நான் நினைவூட்டியபோது, "ஆமாம், அப்புறம் அந்தப் பையன் பிழைச்சுட்டான் இல்லையா?" என்றார்.

புதிதாக ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். கைப்பிரதியை அந்த நண்பரிடமே கொடுக்கப் போகிறேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பித் தரக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.